தந்தையின் தொட்டி, மகனின் மண்

1849ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு பெரிய கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 12 காலன். அடியில் மணலும் சேறும் பரப்பி, மீன்கள் ஒளிந்துகொள்ள வாகாகச் சில கற்களை அடுக்கி, பாதி அளவுக்கு ஊற்றுநீர் நிரப்பினார். பிறகு ஒரே ஒரு வாலிஸ்னேரியா செடியை எடுத்து, வேரைச் சேற்றில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்து அழுத்தினார். நாடா மாதிரி நீண்டு வளரும் அந்தச் செடி இன்றைக்கும் நம்மூர் மீன் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. ‘வாலிஸ்’ என்று சொன்னால் கொடுப்பார்கள்.

பிரிட்டனின் 12 காலன் என்பது சுமார் 54 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டிக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மீன் வளர்க்க ஆரம்பிக்கும் முக்கால்வாசிப் பேர் முதலில் வாங்குவது இந்த இரண்டடித் தொட்டியைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒன்றரை வருடமாக அதில் நான்கு கோரிடோராஸும் எண்ணிக்கை கைமீறிப்போன கப்பிகளும் இருக்கின்றன. இப்போது நான்கடித் தொட்டிக்கு, அதுவும் செடிகள் அடர்ந்த தொட்டிக்கு மாறிக்கொண்டிருக்கிறேன். எதை எடுத்துப் போவது, எதை விட்டுவிடுவது என்ற கேள்வி வந்ததும் நான் போய் நின்ற இடம் வாரிங்டனின் கலம். ஏனென்றால் அந்தக் கேள்விக்கான பதிலில் பாதியை அவர் கண்டுபிடித்தார். மறுபாதியை அவருடைய மகன், வேறெங்கோ, மீனே இல்லாத ஓரிடத்தில் கண்டுபிடித்தார்.

*

வாரிங்டன் பொழுதுபோக்குக்காக மீன் வளர்த்தவர் அல்ல. 1841இல் லண்டனில் வேதியியல் சங்கம் உருவாக முன்னின்றவர். மருந்தாளர்கள் சங்கத்தில் வேதியியல் பணிக்குப் பொறுப்பாளராக இருந்து, பிளாக்ஃப்ரையர்ஸ் பகுதியிலுள்ள அதன் கூடத்திலேயே குடும்பத்தோடு வசித்தார். அவருக்கு முன் இருந்தது ஒரு வேதியியல் கணக்கு.

அந்தக் கணக்கின் முதல் வரியை ஜோசப் ப்ரீஸ்ட்லி 1771இல் எழுதியிருந்தார். மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றில் ஒரு புதினாக் கொத்தை வைத்தால், சில நாட்களில் அந்தக் காற்றில் மறுபடியும் மெழுகுவர்த்தி எரிகிறது. அதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதை 1779இல் யான் இன்ஜென்ஹௌஸ் காட்டினார். விலங்கு விடும் மூச்சு செடிக்கு உணவு, செடி விடும் காற்று விலங்குக்கு உயிர். அப்படியானால் இந்தச் சுழற்சியைத் தண்ணீருக்குள்ளும் ஓட வைக்க முடியுமா, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்காமல் மீனை உயிரோடு வைக்க முடியுமா என்பதுதான் வாரிங்டனின் கேள்வி.

அதற்கு முன்பே கண்ணாடிக்குள் செடி வளர்த்துக் காட்டியவர் நத்தானியல் வார்ட் என்ற கிழக்கு லண்டன் மருத்துவர். 1829இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு புட்டியில் மூடி வைத்தார். பூச்சியைவிட, அந்த மண்ணில் தானாக முளைத்த பெரணியும் புல்லும் அவரை ஆச்சரியப்படுத்தின. வார்ட் பெட்டி என்ற மூடிய கண்ணாடிப் பெட்டி அதிலிருந்து வந்தது. ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கப்பலில் கொண்டுவந்தது இந்தப் பெட்டிகளில்தான். 1845இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது. கண்ணாடி மலிவானது. வாரிங்டனின் கலத்துக்கு எல்லாம் தயாராகக் காத்திருந்தது போலத் தோன்றுகிறது.

ஆரம்பம் நன்றாகவே இருந்தது. கொஞ்ச நாளில் வாலிஸ்னேரியாவின் பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன. தண்ணீர் கலங்கியது. கண்ணாடியிலும் நீரின் மேற்பரப்பிலும் பச்சை வழுவழுப்பு படர்ந்தது. இன்று புதிதாகத் தொட்டி வைக்கும் யாரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். ‘செடி வச்சேன், பாசி புடிச்சுப் போச்சு.’

வாரிங்டன் யோசித்தார். குளத்தில் இலை அழுகுகிறது, ஆனாலும் குளம் நாறுவதில்லையே? குளத்தில் இருப்பதும் கலத்தில் இல்லாததும் எது? ஐந்தாறு குளத்து நத்தைகளைப் பிடித்து உள்ளே விட்டார். நத்தைகள் அழுகிய இலையையும் வழுவழுப்பையும் தின்றன. தண்ணீர் தெளிந்தது. அவை இட்ட முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. 1850இல் இதையெல்லாம் வேதியியல் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தார். விலங்குலகமும் தாவர உலகமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஏற்பாடு என்பது அதன் சாரம். மீன், செடி, நத்தை என்ற மூன்று கால்களில் நிற்கும் சமநிலை.

மீன் தொட்டி பற்றிய நம் எல்லாப் பேச்சுக்கும் அடியில் இந்த ‘சமநிலை’ என்ற சொல் இருக்கிறது. அழகான சொல். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடி வழியாகத் தெரிந்தவற்றை மட்டுமே அது எண்ணிக்கொண்டது.

*

கண்ணாடிக்குள் தெரியாதவர்கள் யார் யார்? முதலில் ஒரு பணிப்பெண்.

வாரிங்டனுக்கு மூன்று வருடம் முன்பு, 1846இல், ஆனா தைன் என்ற சீமாட்டி டார்கீ கடற்கரையிலிருந்து சில பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலய வளாகத்தில் வீடு. கடல்நீர் தினமும் கிடைக்காது. இருக்கிற நீரிலேயே காற்று கலக்க வேண்டும். திறந்த ஜன்னலருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அந்த நீரை ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். டீக்கடையில் டீ ஆற்றுவதைப் போல. அந்த வேலையைச் செய்தது வீட்டுப் பணிப்பெண். அடுத்த வருடம் ஆனா தைன் கடற்பாசிகளையும் சேர்த்தார். பவளங்கள் பிழைத்தன. மீன் தொட்டி வரலாற்றில் ஆனா தைன் பெயர் இருக்கிறது. உலகின் முதல் ஏர் பம்ப்புகளில் ஒன்று என்று சொல்லத்தக்க அந்தப் பெண்ணின் பெயர் இல்லை.

அடுத்தது கடற்கரை. வாரிங்டனின் யோசனையை ஊரெங்கும் கொண்டுபோனவர் ஃபிலிப் ஹென்றி காஸ். கடலுயிர்களை வரைவதிலும் எழுதுவதிலும் கெட்டிக்காரர், கடுமையான மத நம்பிக்கை உடையவர். 1853இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலையில் ‘மீன் வீடு’ திறக்கப்பட்டபோது அதற்கான உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் ஒருவர். 1854இல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் ‘தி அக்வேரியம்’. அதுவரை தாவரவியலாளர்கள் நீர்ச்செடி வளர்க்கும் தொட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்த சொல் அது. காஸ் அதை மீன்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார். ஆக, ‘பிளான்டட் அக்வேரியம்’ என்று நாம் தனியாகச் சொல்வது வேடிக்கைதான். அக்வேரியம் என்ற சொல் முதலில் குடியிருந்ததே செடியோடுதான்.

புத்தகம் பரபரப்பாக விற்றது. ரயில் வேறு வந்துவிட்டது. நடுத்தர வர்க்கத்துக் குடும்பங்கள் வாளியும் உளியும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போயின. பாறைக் குட்டைகளைச் சுரண்டி, கடற்பஞ்சுகளையும் கடல் அனிமோன்களையும் பெயர்த்து வீட்டுக்கு எடுத்து வந்தன. பெரும்பாலானவை சீக்கிரமே செத்தன. செத்ததும் மறுபடி ரயில் ஏறினார்கள்.

காஸின் மகன் எட்மண்ட் பிறந்தது 1849இல், வாரிங்டன் தன் கலத்தில் மீன் விட்ட அதே வருடம். குழந்தையாக அப்பாவோடு டெவன்ஷயர் கடற்கரையில் திரிந்தவர். பெரியவரானதும் இலக்கிய விமர்சகர் ஆனார். 1907இல் ‘ஃபாதர் அண்ட் சன்’ என்ற தன்வரலாற்றை முதலில் தன் பெயர் போடாமல் வெளியிட்டார். அப்பாவின் மதத்தோடு மகன் நடத்திய போராட்டம் என்றுதான் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அதில் தைப்பது வேறு இடம். தான் சிறுவயதில் பார்த்த பாறைக் குட்டைகள் இனி யாருக்கும் கிடைக்காது என்கிறார் எட்மண்ட். அவற்றை அழித்தது சேகரிக்க வந்த கூட்டம். கூட்டத்தை அனுப்பி வைத்தது அப்பாவின் புத்தகங்கள். அப்பாவுக்கே அது பிற்காலத்தில் பெரிய வருத்தம் என்றும் பதிவு செய்கிறார்.

காஸுக்கு ஒரு மகன் போல, வாரிங்டனுக்கும் ஒரு மகன் இருந்தார். அவர் போன திசை வேறு.

*

மகனின் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். 1838இல் பிறந்தவர். அப்பா கலத்தில் வாலிஸ்னேரியாவை நட்டபோது பையனுக்குப் பத்து வயது. மருந்தாளர் கூடத்து வீட்டில் வளர்ந்து, அப்பாவின் ஆய்வகத்தில் வேதியியல் கற்றுக்கொண்டார். அப்பா 1867இல் இறந்தார். மகன் 1876இல் லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் என்ற விவசாய ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே மீன் இல்லை. கோதுமை வயலும் எருவும்தான். கேள்வி இதுதான்: வயலில் போடும் எருவிலுள்ள அம்மோனியா எப்படி நைட்ரேட்டாக மாறுகிறது? அதுவரை பலரும் இதை வெறும் வேதிவினை என்றே நினைத்தார்கள்.

1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் அந்த நினைப்பை உடைத்தார்கள். நீளமான ஒரு கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரை மெதுவாகச் சொட்டவிட்டார்கள். முதல் 20 நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமே, எதற்காக 20 நாள் காத்திருக்க வேண்டும்? குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்திப் பார்த்தார்கள். மாற்றம் நின்றது. அதை வெளியேற்றிய பிறகும் தொடங்கவில்லை. கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றியதும் சில நாட்களில் மறுபடி தொடங்கியது. குழாய்க்குள் ஏதோ உயிர் இருக்கிறது. அது மண்ணிலிருந்து வருகிறது.

மீன் வளர்ப்பவர் யாராவது இந்தச் சோதனையைப் படித்தால் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார். மணல் நிரப்பிய குழாய், மேலிருந்து சொட்டும் அழுக்கு நீர், மூன்று வாரக் காத்திருப்பு, பழைய மண்ணைச் சேர்த்ததும் திரும்பும் உயிர். அப்படியே நம்ம ஃபில்டர்!

இளைய வாரிங்டன் ராதம்ஸ்டெட்டில் இதையே எடுத்துக்கொண்டு, 1878 முதல் 1891 வரை தொடர்ச்சியாகக் கட்டுரைகள் எழுதினார். இரண்டு விஷயங்களை அவர் காட்டினார். ஒன்று, இந்த வேலைக்கு வெளிச்சம் இடைஞ்சல். இருட்டில்தான் நன்றாக நடக்கிறது. இரண்டு, இது ஒரே தாவலில் நடப்பதில்லை. அம்மோனியா முதலில் நைட்ரைட் ஆகிறது, பிறகு நைட்ரைட் நைட்ரேட் ஆகிறது. முதல் வேலையைச் செய்யும் உயிர் இரண்டாவதைச் செய்வதில்லை. இரண்டும் வேறு வேறு உயிர்கள்.

அந்த உயிர்களைத் தனியாகப் பிரித்துப் பிடிக்க அவர் பல வருடம் முயன்றார். கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் பாக்டீரியாவைச் சத்துள்ள ஜெலட்டினில் வளர்ப்பது வழக்கம். இவையோ அப்படிப்பட்ட விருந்தைத் தொடாத ஜாதி. 1890இல் ஜூரிச்சில் இருந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி அதைப் புரிந்துகொண்டார். உணவே போடாமல், அம்மோனியா உப்பும் கார்பனேட்டும் மட்டும் கொடுத்து அவற்றைப் பிரித்தெடுத்தார். அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் சக்தியில், செடி போலவே கார்பன் டை ஆக்சைடிலிருந்து தங்கள் உடலைக் கட்டிக்கொள்ளும் உயிர்கள் அவை. வெளிச்சம் இல்லாமல் வாழும் ஒருவகைத் தோட்டம்.

அப்பா வெளிச்சத்தில் நடப்பதைப் பார்த்தார். மகன் இருட்டில் நடப்பதைப் பார்த்தார். ஒரு மீன் தொட்டி ஓட இரண்டும் வேண்டும்.

*

மகன் கண்டதை வைத்து அப்பாவின் கலத்தைத் திரும்பிப் பார்த்தால், அது ஏன் பிழைத்தது என்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

மீன் மூச்சு விடுவது மட்டும் பிரச்சினை அல்ல. அதன் செவுள்கள் வழியாக அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட உணவும் அழுகும் இலையும் அம்மோனியா ஆகின்றன. அம்மோனியா மீனின் செவுளைக் கருக்கும். அதிலிருந்து வரும் நைட்ரைட் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாமல் தடுக்கும். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் மீன் மூச்சுத் திணறிச் சாகும். கடைசியில் வரும் நைட்ரேட் ஒப்பீட்டளவில் சாது. செடி அதை உரமாக எடுத்துக்கொள்ளும்.

வாரிங்டன் தன் கலத்தின் வெற்றிக்குக் காரணமாகச் சொன்னது செடி கொடுத்த ஆக்சிஜனை, நத்தை செய்த துப்புரவை. இரண்டும் உண்மை. ஆனால் அவர் அடியில் பரப்பிய சேறும் மணலும் இருக்கிறதே, அதில்தான் அந்த இருட்டுத் தோட்டம் குடியிருந்தது. வெறும் கண்ணாடியும் கழுவிய கூழாங்கல்லும் வைத்து ஆரம்பித்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். காஸின் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பளபளக்கும் கண்ணாடியில் புதுக் கடல்நீரை ஊற்றி, அன்றே ஒரு வாளி உயிர்களைக் கொட்டியவர்களின் தொட்டிகள் அப்படித்தான் போயின.

இன்றும் மீன் சாவது பெரும்பாலும் இங்கேதான். புதுத் தொட்டி, பளிச்சென்ற தண்ணீர், முதல் வாரத்திலேயே இருபது மீன். தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் மீன் வாழ ஏற்றதாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். நைட்ரேட் செய்யும் இந்த உயிர்களுக்கு ஒருமுறை இரட்டிக்கக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அவசரப்படுத்த முடியாது. 1877இல் குழாய் முன்னால் 20 நாள் உட்கார்ந்திருந்த இருவரும் பார்த்தது இந்த நிதானத்தைத்தான்.

சென்னையில் மீன் வளர்ப்பவர்களுக்குக் கொளத்தூர் தெரிந்திருக்கும். தெருத்தெருவாக வண்ணமீன் கடைகள், பண்ணைகள். நான்கடித் தொட்டிக்கு ஃபில்டர் பார்க்கப் போன கடையில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம்.

“புதுசாவே வாங்கிடுறேன் தம்பி. பழசு ரெண்டடிக்கு வாங்குனது, சின்னது.”

“வாங்கிக்கங்கண்ணா. ஆனா பழசத் தூக்கிப் போட்றாதீங்க. ரெண்டையும் ஒண்ணா ஒரு மாசம் ஓட விடுங்க. ஸ்பாஞ்ச கொழா தண்ணில அலசவே கூடாது. டேங்க் தண்ணிய ஒரு மக்குல எடுத்து லேசா பிழிஞ்சா போதும்.”

“அழுக்கா இருக்கே?”

“அதுலதாண்ணா எல்லாமே இருக்கு.”

குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். அது ஸ்பாஞ்சில் இருப்பவற்றையும் கொல்லும். ராதம்ஸ்டெட்டில் பதின்மூன்று வருடம் எழுதப்பட்ட கட்டுரைகளின் சாரத்தை அந்தத் தம்பி நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அறிவு இப்படித்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்கிறது போலும், பெயர்களை வழியில் உதிர்த்துவிட்டு.

*

பெரிய தொட்டிக்கு மாறுவது ஆடம்பரம் என்று தோன்றலாம். உண்மையில் பெரிய தொட்டிதான் சுலபம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 240 லிட்டருக்கு மேல். பழையதைப் போல நான்கரை மடங்கு. அதே மீன்கள், அதே கழிவு, நான்கரை மடங்கு நீரில் கரைகிறது. ஒரு மீன் கண்ணில் படாமல் செத்து அழுகினாலும் சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். சென்னையின் மே மாத வெயிலில் 54 லிட்டர் மதியத்துக்குள் சூடேறிவிடும், 240 லிட்டர் மெதுவாகத்தான் ஏறும். அதற்கான விலை எடை. தண்ணீர், மண், கல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 300 கிலோவைத் தாண்டும். ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது.

ஆனால் அதில் அடர்ந்த தோட்டம் வேண்டும் என்றால் வாரிங்டனின் கணக்கு போதாது. அவர் கலத்தில் ஒரே ஒரு செடி. மீன் விடும் மூச்சிலும் சேற்றிலிருந்தும் வந்த கார்பன் டை ஆக்சைடு அதற்குப் போதுமானதாக இருந்தது. தரை முழுக்கப் புல்வெளி போல் செடி, பின்னால் சிவப்புத் தண்டுச் செடிகள், வலுவான விளக்கு என்று போனால் மீனின் மூச்சு யானைப் பசிக்குச் சோளப்பொரி. அங்கேதான் தகாஷி அமானோ வருகிறார்.

1954இல் ஜப்பானின் நீகாத்தாவில் பிறந்தவர். முதலில் சைக்கிள் பந்தய வீரர், பிறகு நிலக்காட்சிப் புகைப்படக்காரர். தொட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திச் செடிகளைச் செழிக்க வைத்தார். மலை, பள்ளத்தாக்கு, காடு என்று இயற்கைக் காட்சியைக் கல்லாலும் மரத்துண்டாலும் செடியாலும் கட்டினார். 1982இல் ஏடிஏ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்கும் வாரிங்டனுக்கு வந்த அதே தொல்லை வந்தது, பாசி. தீர்வும் அதே திசையில்தான். நத்தைக்குப் பதிலாக ஓர் இறால். ஜப்பானிய ஆறுகளில் வாழும், விரல் நீளம்கூட இல்லாத, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் இறால். இன்று உலகமெங்கும் அதற்கு அமானோ இறால் என்றே பெயர். 2015இல் லிஸ்பன் நகரக் கடல் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் நீரும் கொண்ட செடித் தொட்டியை அமைத்தார். அதுதான் அவருடைய கடைசிப் பெரிய வேலை. அதே வருடம் இறந்தார்.

அந்த 2015இல் இன்னொன்றும் நடந்தது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்க ஒன்று, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொன்று என்று இளைய வாரிங்டனும் வினோகிராட்ஸ்கியும் வகுத்துக் கொடுத்தது நூறு வருடத்துக்கும் மேல் பாடப்புத்தகத்தில் நின்றது. இரண்டு வேலையையும் ஒரே உயிர் செய்யும் என்று 2015இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே நேரத்தில் நிரூபித்தன. நைட்ரோஸ்பைரா என்ற வகையைச் சேர்ந்த பாக்டீரியா. ஒரு குழு அதை எடுத்த இடம் ஓர் எண்ணெய்க் கிணற்றுக் குழாயின் உட்புறம். நெதர்லாந்துக் குழு எடுத்த இடம் மீன் வளர்க்கும் அமைப்பு ஒன்றின் ஃபில்டர். மகனின் கேள்வி வயலில் தொடங்கி, சுற்றி வந்து, அப்பா தொடங்கிய இடத்திலேயே ஒரு பதிலைக் கண்டுகொண்டது.

*

எட்மண்ட் காஸின் வருத்தம் மட்டும் இன்னும் பதில் கிடைக்காமல் நிற்கிறது.

செடித் தொட்டிக்கென்றே பிறந்தது போல ஒரு மீன் உண்டு. வெள்ளி உடல், நீளவாக்கில் கறுப்புக் கோடு, அதன் மேல் மூக்கிலிருந்து ஓடும் சிவப்புக் கீற்று. ‘மிஸ் கேரளா’ என்று கடைகளில் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஓடைகளில் கூட்டமாக வாழ்வது. 1865இல் மதராஸ் ராணுவத்தின் மருத்துவர் ஃபிரான்சிஸ் டே அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். நூற்றுச் சொச்சம் வருடம் அது யார் கண்ணையும் உறுத்தாமல் ஓடையில் இருந்தது. 1990களில் ஏற்றுமதிச் சந்தை அதைக் கண்டுகொண்ட பிறகு வலை போட்டு அள்ளினார்கள். இன்று அது அழியும் ஆபத்திலுள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. அணை, மணல் அள்ளுதல், பூச்சிக்கொல்லி என்று மற்ற காரணங்களும் உண்டு. ஆனால் கண்ணாடிக்குள் ஒரு துண்டு இயற்கையைப் பார்க்க ஆசைப்பட்டவர்களின் பங்கும் அதில் இருக்கிறது. டெவன்ஷயர் பாறைக் குட்டைக்கும் கேரள ஓடைக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு. கை ஒன்றுதான்.

நான்கடித் தொட்டியில் பத்து மிஸ் கேரளா சேர்ந்து திரும்பும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், கடையில் பார்த்திருக்கிறேன். இது பண்ணைக் குஞ்சா ஓடையில் பிடித்ததா என்று கேட்டதற்கு அதே தம்பி யோசித்துவிட்டு, “லாட்டுல வருதுண்ணா, சொல்ல முடியாது” என்றார். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த மரியாதைக்காகவே அங்கே வாலிஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். மிஸ் கேரளா வாங்கவில்லை. பண்ணையில் பெருக்கியது என்று உறுதியாகத் தெரிகிற மீன் போதும், கப்பிகள் இருக்கவே இருக்கின்றன.

புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி இது 16ஆவது நாள். செடிக்கான புது மண் முதல் சில வாரங்களில் தானே அம்மோனியாவைக் கசியவிடும் என்பதால் மீன்கள் இன்னும் பழைய தொட்டியிலேயே இருக்கின்றன. பழைய ஸ்பாஞ்சில் பாதியை வெட்டிப் புது ஃபில்டருக்குள் வைத்தாயிற்று. மறுபாதி பழைய தொட்டியிலேயே ஓடுகிறது, அங்கே இருக்கும் மீன்களுக்கும் அது வேண்டுமே. தினமும் காலையில் ஒரு சிறு குழாயில் நீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறேன். அம்மோனியாவுக்கான பச்சை வெளுத்துக்கொண்டே வருகிறது. நைட்ரைட்டின் ஊதா நிறம் நேற்று உச்சத்தில் இருந்தது. அப்படியானால் முதல் வேலை நடக்கிறது, இரண்டாவது இப்போதுதான் தொடங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்.

“என்னங்க, இவ்ளோ பெரிய டேங்க் வச்சிட்டு, உள்ள ஒண்ணுமே இல்ல?”

இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.